ஆழத்தில் நடந்த ஆய்வும் கேட்கப்படாத சம்மதமும்

புது தில்லி:

பூதிகோட்டை என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு ஹைதர் அலி பிறந்த ஊர் என்பது நினைவுக்கு வரும். கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், பங்காரப்பேட்டை வட்டத்தில், கோலார் தங்கவயலுக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் அது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் அப்பகுதியில் புழங்குகின்றன. ஆனால், தில்லியில் இயங்கும் யுனெஸ்கோ அலுவலகத்தின் பழைய வெளியீடுகளைப் புரட்டுவோருக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் அறிமுகமாகியிருக்கும். ஆய்வு செய்யப்படும் மக்களே ஆய்வாளர்களாகவும் இருக்க முடியுமா என்ற கேள்வி சோதித்துப் பார்க்கப்பட்ட இடங்களுள் ஒன்று பூதிகோட்டை.

2000-களின் தொடக்கத்தில் 'நம்ம த்வனி' என்ற சமுதாய ஒலிபரப்பு இங்கு உருவானது. கன்னடத்தில் 'நமது குரல்' என்பது இதன் பொருள். பெங்களூரைச் சேர்ந்த 'வாய்சஸ்' அமைப்பும், ஊரக வளர்ச்சிப் பணியில் உள்ள 'மைராடா' அமைப்பும் யுனெஸ்கோ உதவியுடன் இதைத் தொடங்கின. சுய உதவிக் குழுப் பெண்களும் உள்ளூர் இளைஞர்களும் நிகழ்ச்சிகளைத் தயாரித்தனர். வானலையில் ஒலிபரப்ப உரிமம் இல்லை. எனவே, முதலில் ஒலிபெருக்கி வழியாகவும், பின்னர் கேபிள் கம்பி வழியாகவும் வீடுகளுக்கு அந்தக் குரல் சென்றது.

உரிமம் ஏன் இல்லை என்பது தனிக் கதை. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் 2002-ஆம் ஆண்டு இறுதியில் மத்திய அரசு சமுதாய வானொலிக்கு அனுமதி அளிக்க முன்வந்தபோது, அந்த வாய்ப்பு கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே தரப்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கியது. பூதிகோட்டைப் பெண்களைப் போன்றோருக்கு 2006 நவம்பரில்தான் விதி தளர்ந்தது. பல்கலைக்கழகம் பேசலாம், கிராமம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அரசின் கோப்புகளில் நான்கு ஆண்டுகள் விதியாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே காலகட்டத்தில், யுனெஸ்கோவின் தெற்காசியத் திட்டமொன்றின் பகுதியாக, ஜோ டாக்கி, டான் ஸ்லேட்டர், கிரெக் ஹெர்ன் ஆகிய மூன்று பேராசிரியர்கள் வகுத்த ஆய்வு முறை பூதிகோட்டையில் கையாளப்பட்டது. தில்லியின் சீலம்பூரும் அத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. வெளியூர் ஆய்வாளர் வந்து வினாத்தாளை நிரப்பிக்கொண்டு போவதற்கு மாறாக, உள்ளூர்க்காரர்களே நாள்குறிப்பு எழுதி, அண்டை வீட்டாரிடம் பேசி, கிடைத்த தகவலைக் கொண்டு தங்கள் நிகழ்ச்சிகளைத் திருத்திக்கொள்வது இந்த முறையின் சாரம். ஆய்வின் முடிவு முதலில் ஊருக்குத்தான் திரும்பும். நூலகத்துக்குப் பிறகு போகலாம்.

இதிலும் குறை சொல்ல இடமுண்டு. அந்த முறையை விளக்கி 2003-இல் புது தில்லி யுனெஸ்கோ அலுவலகம் வெளியிட்ட கையேட்டை எழுதியவர்களாக அறியப்படுவோர் அந்த மூன்று பேராசிரியர்கள்தாம். நாள்குறிப்பு எழுதிய பெண்கள் அல்லர். எனினும், யாருக்காக இந்த ஆய்வு, யாரைக் கேட்டு நடக்கிறது என்ற கேள்வியாவது அங்கே எழுந்தது.

பூதிகோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள தங்கவயலில் நடந்த ஆய்வு இதைவிடப் பன்மடங்கு புகழ் பெற்றது. இந்திய அறிவியலின் பெருமைகளுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. அங்கே அந்தக் கேள்வி எழவே இல்லை.

பாறையே கூரை

தங்கவயலின் சுரங்கங்களில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் காலடி வைத்தது. 1956-இல் மைசூர் அரசு அவற்றைத் தேசியமயமாக்கியது. பின்னர் அவை மத்திய அரசிடம் சென்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்படும் வரை, சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ் பேசும் தலித் மக்கள். மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இறங்கி, தகரமும் மூங்கிலுமான 'லைன்' வீடுகளில் குடியேறி, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கியவர்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

அந்த ஆழம்தான் இயற்பியலாளர்களையும் அங்கே இழுத்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் துகள்கள் ஓயாமல் நம்மீது பொழிகின்றன. பூமிக்குள் இறங்க இறங்க, மேலே உள்ள பாறை அவற்றை வடிகட்டுகிறது. 1950-களின் தொடக்கத்தில் ஹோமி பாபாவின் யோசனைப்படி, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் இளம் ஆய்வாளர் பி.வி. ஸ்ரீகண்டன் தங்கவயலில் இறங்கி இந்தக் கதிர்களை அளக்கத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில், சுரங்கத்தின் மிக ஆழமான மட்டங்களுள் ஒன்றில் வைத்த கருவியில் சுமார் இரண்டு மாதங்கள் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. வேறு எந்த ஆய்வகத்திலும் இது ஏமாற்றமாக முடிந்திருக்கும். இங்கே அதுவே வழிகாட்டியானது. மற்ற துகள்கள் எட்டாத அந்த அமைதியில், எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ மட்டும் அரிதாகப் பாறையில் மோதினால் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தனர்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுவப்பட்டன. டாடா கழகம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி அது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடயத்தை அவர்கள் கண்டனர். அவர்களது கட்டுரை 1965 ஜூலை 12-இல் 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழைச் சென்றடைந்து, ஆகஸ்ட் 15-இல் வெளியானது. அதே வேலையில் இறங்கியிருந்த அமெரிக்க இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை ஜூலை 26-இல் 'பிசிகல் ரெவ்யூ லெட்டர்ஸ்' இதழைச் சென்றடைந்து, ஆகஸ்ட் 30-இல் வெளியானது.

யார் முதலில்?

பதினைந்து நாள் வித்தியாசத்தில் இந்தியா முந்தியது என்று நம்முடைய கட்டுரைகளும் மேடைகளும் மகிழ்ச்சியுடன் கூறுவது வழக்கம். அது உண்மைதான்; முழு உண்மை அன்று. ரெய்ன்ஸ் குழுவின் கருவியில் முதல் நிகழ்வு பதிவானது 1965 பிப்ரவரி 23-இல். தங்கவயல் குழு முதலில் வெளியிட்டது. அவர்கள் முதலில் பார்த்தார்கள். முன்னுரிமை எதற்கு என்பதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொல்லுவதே ஆய்வு நேர்மை. நமது பாடநூல்களும் விழா மலர்களும் ஒரு தேதியை மட்டும் வைத்துக்கொண்டன என்றால், அந்தக் குறை ஆய்வாளர்களுடையது அன்று, நம்முடையது.

ஆனால், இந்தப் போட்டியில் யாரும் பேசாத வேறொன்று உள்ளது. ரெய்ன்ஸின் கருவி இருந்த இடம் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கம். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. கறுப்பினத் தொழிலாளர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் சொந்த நாட்டிலேயே நடமாட முடியாத காலம். அந்நாட்டுடன் வணிக உறவை இந்தியா 1946-லேயே முறித்துக்கொண்டிருந்தது. ஆக, 1965-இல் உலகின் ஆழமான இரு தங்கச் சுரங்கங்களில், ஒன்றில் நிறத்தாலும் மற்றொன்றில் சாதியாலும் கீழே தள்ளப்பட்ட மக்கள் குடைந்த குழிகளில், நவீன இயற்பியலின் மிக நுட்பமான சோதனைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெற்றி பெற்றன. தென்னாப்பிரிக்காவைப் பற்றி நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். தங்கவயலைப் பற்றிச் சொல்லத் தயங்குவோம்.

தங்கவயல் கட்டுரையில் பதினொரு பெயர்கள் உள்ளன. டாடா கழகத்தின் ஆச்சார், எம்.ஜி.கே. மேனன், நரசிம்மன், ரமண மூர்த்தி, ஸ்ரீகண்டன்; ஒசாகாவின் ஹினோடானி, மியாகே; டர்ஹாமின் கிரீட், ஆஸ்போர்ன், பாட்டிசன், உல்ஃபென்டேல். தகுதியற்ற பெயர் ஒன்றும் இல்லை. ஆய்வைத் திட்டமிட்டு, கருவியை வடிவமைத்து, முடிவை ஆராய்ந்து எழுதியவரே ஆசிரியர் என்பது அன்றும் இன்றும் பல்கலைக்கழக மரபு. அதன்படி கூண்டை இயக்கிய ஓட்டுநர் ஆசிரியர் ஆகமாட்டார். பாறை சரியாமல் முட்டுக் கொடுத்தவரும், காற்று வரும் வழியைக் காத்தவரும், இரவு பகலாக நீர் இறைத்தவரும் ஆகமாட்டார்கள். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி ஐரோப்பிய ஆய்வகக் குழுக்கள் வெளியிட்ட ஒரே கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன; இயற்பியல் உலகம் தாராளமாகிவிட்டதற்கு அதை உதாரணம் காட்டுவர். அந்தத் தாராளம் பட்டம் பெற்றவர்களுக்குள் பங்கிடப்பட்டதே.

பெயர் போடாததை மட்டும் பெரிய குற்றமாகச் சொல்வதற்கில்லை. இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அதே சுரங்கத்தில் அதே காலத்தில் எது நுட்பமாக அளக்கப்பட்டது, எது அளக்கப்பட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டது என்பதே அது.

நெஞ்சுக்குள் படிந்த பாறை

தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து அதை நார்போல் இறுக்கிவிடும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு மருந்து இல்லை. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பெரிய அளவில் ஆராயப்பட்ட இடம் தங்கவயல்தான். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நோயின் அடையாளம் தென்பட்டதாக 1947-இல் வெளியான ஆய்வு கூறியது. தொழில்சார் மருத்துவ நூல்களில் இந்த எண்ணிக்கை இன்றளவும் மேற்கோளாக வருகிறது.

ஆக, தங்கவயல் தொழிலாளி அறிவியலுக்குப் புதியவர் அல்லர். இயற்பியலாளர்கள் வருவதற்கு முன்பே அவர் ஆய்வுப் பொருளாக இருந்தவர். அவரது நெஞ்சு படம் பிடிக்கப்பட்டது, எண்ணப்பட்டது, சதவீதமாக அச்சேறியது. அந்தப் படத்தை எடுக்க அவரிடம் சம்மதம் கேட்டார்களா, முடிவை அவரிடம் சொன்னார்களா என்று கேட்பது இக்கால அளவுகோலை அக்காலத்தின்மீது வைப்பதாகும் என்று சிலர் கூறலாம். நியூரம்பர்க் மருத்துவர் வழக்கின் தீர்ப்பில், மனிதர்மீது நடத்தும் ஆய்வுக்குத் தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று எழுதப்பட்டதும் அதே 1947-இல்தான். அளவுகோல் அன்றே இருந்தது. தங்கவயல் வரை வரவில்லை.

சம்மதம் என்ற சொல் இல்லாவிட்டாலும் அதன் பொருள் அத்தொழிலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை நிர்வாகம் கொண்டுவந்தபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அப்போது அங்கே முறையான தொழிற்சங்கம்கூடக் கிடையாது. மைசூர் சமஸ்தானத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்து ஜானகி நாயர் 1998-இல் வெளியிட்ட நூல், தங்கவயல் தொழிலாளர்களின் இத்தகைய எதிர்ப்புகளைப் புரிந்துகொள்ள உதவும். கூலிக்கான போராட்டம் என்று மட்டும் அதைச் சுருக்கிவிட முடியாது. என் உடலின் அடையாளத்தை என்னைக் கேட்காமல் எடுக்காதே என்பதே அவர்கள் வைத்த கோரிக்கை.

அறிவியல் இந்த மக்களுக்கு எதுவுமே திருப்பித் தரவில்லை என்று எழுதினால் அது நியாயம் ஆகாது. ஆழம் கூடக் கூட, அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது தங்கவயலின் பெரும் சாபம். பலர் அதில் மாண்டனர். அந்த வெடிப்புகளைக் கண்காணிக்க நிலநடுக்கக் கருவிகள் அமைக்கப்பட்டன. 1988-இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. ஊழியரின் உயிரைக் காக்கும் கேள்வியிலிருந்து பிறந்த ஆய்வு அது. பின்னர் அதன் தலைமையிடம் பெங்களூருக்கு நகர்ந்தது. சுரங்கமே இல்லாத ஊரில் அது என்ன செய்யும் என்று கேட்கலாம்தான்.

'அறிகுறி' என்ற ஒரு சொல்

இயற்பியலாளர்களின் நேர்மைக்கு உண்மையான சோதனை வந்தது 1980-களில். அணுக்கருவில் உள்ள புரோட்டான் அழியாதது என்று அதுவரை கருதப்பட்டது. 1970-களில் ஜோகேஷ் பதி, அப்துஸ் சலாம் ஆகியோரும், பின்னர் ஜார்ஜி, கிளாஷோ ஆகியோரும் முன்வைத்த கோட்பாடுகளின்படி, மிக நெடுங்காலத்தில் புரோட்டானும் சிதையலாம். அதைக் கண்டவருக்கு நோபல் பரிசு நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரியும். உலகிலேயே இதற்கென்று அமைக்கப்பட்ட முதல் பெரிய கருவி தங்கவயலில் 1980-இல் இயங்கத் தொடங்கியது. நந்திதுர்கம் சுரங்கப் பகுதியில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் எடையில், இரும்புத் தகடுகளையும் எண்ணிக் குழாய்களையும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய கருவி. அந்த 140 டன் இரும்பும் தொழிலாளர் இறங்கும் அதே குழி வழியாகத்தான் இறங்க வேண்டும்.

ஓராண்டுக்குள் ஒரு சில நிகழ்வுகள் தென்பட்டன. புரோட்டான் சிதைந்தால் எப்படி இருக்குமோ அப்படியே அவை இருந்தன. நியூட்ரினோ மோதினாலும் ஏறக்குறைய அப்படித் தோன்றக்கூடும். இப்போது என்ன செய்வது? வெளியிட்டால், பின்னர் தவறு என்று தெரியவரும்போது நாட்டின் பெயரே கெடும். வெளியிடாமல் காத்திருந்தால், அமெரிக்காவின் உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் காமியோகா சுரங்கத்திலும் தயாராகிக்கொண்டிருந்த பல்லாயிரம் டன் நீர்த் தொட்டிகள் முந்திவிடும். ஆய்வு மாணவர்களின் எதிர்காலமும், அடுத்த கருவிக்கான நிதியும், தில்லியில் கோப்புகளின் கதியும் இதில் பின்னிக் கிடந்தன. இன்று எந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்திலும் சிறிய அளவில் அன்றாடம் நிகழும் சங்கடம் இதுவே.

அவர்கள் வெளியிட்டனர். 1981-இல் வந்த கட்டுரையின் தலைப்பு, அவற்றைப் புரோட்டான் சிதைவாக இருக்கக்கூடிய நிகழ்வுகள் என்றே குறிப்பிட்டது. 1982-இல் வந்த கட்டுரை ஒரு படி மேலே சென்று, சிதைவின் அறிகுறி காட்டும் நிகழ்வுகள் என்றது. கண்டுபிடித்தோம் என்று தலைப்பு சொல்லவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நிகழ்வின் படமும் அளவும் எவரும் சரிபார்க்கும்படி அச்சில் வைக்கப்பட்டன.

1983-இல் அமெரிக்கத் தொட்டியின் முடிவு வந்தது. தங்கவயல் மதிப்பிட்ட ஆயுளைவிடப் புரோட்டானின் ஆயுள் மிக அதிகம் என்று அது காட்டியது. ஜப்பானும் அதையே உறுதி செய்தது. இன்றுவரை எங்கும் புரோட்டான் சிதைந்ததாக உறுதிப்படவில்லை. புரோட்டானைத் தேடக் கட்டிய அந்த ஜப்பானியத் தொட்டி 1987-இல் வெடித்த விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்களைப் பிடித்தது. 2002-இல் கோஷிபாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தங்கவயலில் ஆய்வு 1990-களின் தொடக்கத்தில் நின்றது. சுரங்கம் நட்டத்தில் ஓடியதால் ஆழ்மட்டங்கள் கைவிடப்பட்டன. நீர் இறைப்பவர் போனால் இயற்பியலாளரும் போக வேண்டியதே. அந்த ஆய்வு தொழிலாளரின்மீது எவ்வளவு சாய்ந்து நின்றது என்பதை, அது முடிந்த விதமே காட்டிக்கொடுத்தது.

அவர்கள் அவசரப்பட்டார்கள் என்று கூறுவோர் உண்டு. நம் கருத்து அதுவன்று. தரவை மறைத்தவர் எவரும் இல்லை. திருத்தியவர் எவரும் இல்லை. பொய்த்துப்போன முடிவும் நேர்மையான முடிவாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் அரிது. 1975-இல் இதே சுரங்கத்திலிருந்து வெளியிடப்பட்ட, எந்த விளக்கத்துக்கும் அடங்காத சில நிகழ்வுகளை, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2014-இல் மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். கரும்பொருள் துகளாக இருக்கலாமோ என்பது அவர்களது ஊகம். சரியோ தவறோ, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பதிவை ஒருவர் திறந்து பார்க்க முடிகிறது.

இயற்கையிடம் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்ட ஒரு மரபு, மனிதர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கப் பழகவில்லை. அதன் விளைவு பின்னாளில் தமிழகத்தில் தெரிந்தது.

பொட்டிப்புரத்தில் எழுந்த கேள்வி

தங்கவயலில் பயின்ற நவகுமார் மண்டல் உள்ளிட்டோர் முன்னின்ற இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்வானது. யானை, புலி நடமாடும் பகுதி என்பதால் 2009-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. பின்னர் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவி வைக்கத் திட்டமிடப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

எதிர்ப்பு வலுத்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்று சிலர் பிரசாரம் செய்தனர். அது தவறு, நொடிதோறும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலைத் துளைத்துச் சென்றுகொண்டே இருக்கின்றன. ஆனால், அறிவியல் தம் பக்கம் இருந்ததால், ஊராரிடம் கேட்க வேண்டிய பொறுப்பும் நிறைவேறிவிட்டதாக ஆய்வாளர் தரப்பு எண்ணியது. அதுவும் தவறு. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரித்த நிறுவனம் அதற்கான அங்கீகாரம் பெறாதது என்ற காரணத்தால், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் அனுமதியை நிறுத்தி வைத்தது. உலகின் மிக நுட்பமான அளவீட்டைச் செய்யவிருந்தவர்கள், ஓர் ஊரின் நீரையும் காட்டையும் பற்றிய அளவீட்டில் இத்தகைய சறுக்கலுக்கு இடம் கொடுத்தனர். 2018-இல் சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. 2022 பிப்ரவரியில், புலிகளின் வழித்தடம் என்பதைச் சுட்டிக்காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

தில்லியின் விதிகள்

தலைநகரில் ஆய்வு நெறி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது கருத்துத் திருட்டில் போய் முடிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்புமையைச் சதவீதத்தில் அளக்கின்றன. பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் ஆய்வேட்டின் பதிவே ரத்து. எந்த மாணவரும் மென்பொருளில் போட்டுத் தம் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். வாக்கியத்தைத் திருடினால் கண்டுபிடிக்கும் மென்பொருள், பிறர் உழைப்பின்மீது நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் விடுவதைக் கண்டுபிடிக்காது.

மருத்துவ ஆய்வில் நிலைமை மேல். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளின்படி, உயிரிமருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைக் குழு பதிவு செய்யப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் உள்ளது. ஆனால், உடல்நலம் சாராத சமூக ஆய்வுக்கு, ஒரு சேரிக்குள் நுழைந்து குடும்பக் கதையைப் பதிவு செய்யும் முனைவர் பட்ட மாணவருக்கு, இத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை. நெறியாளரின் மனசாட்சியே விதி.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாம். அதன் 17-ஆவது பிரிவு வேறு திசையில் செல்கிறது. குறிப்பிட்ட தனிநபரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படுத்தாமல், வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்றும் வரை, ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் தரவைக் கையாள்வது சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. ஆராய்ச்சி முடங்கக் கூடாது என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துக் கேட்டால் தொற்றுநோய் ஆய்வே நடக்காது. ஆயினும், 1930-இல் கைரேகை தர மறுத்த தங்கவயல் தொழிலாளியின் பேரப்பிள்ளை இன்று ஓர் ஆய்வாளரிடம் தம் தரவைத் தர மறுக்க விரும்பினால், சுட்டிக்காட்ட இந்தச் சட்டத்தில் அவருக்கு உறுதியான பிடிமானம் இல்லை.

சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகின்றனர். நீர் இறைப்பது நின்றதால் ஆழ்மட்டங்கள் மூழ்கிவிட்டன. 1965-இல் கருவி நின்ற 2,300 மீட்டர் மட்டமும் நீருக்கு அடியில்தான்.

மேலே எஞ்சியிருப்பவை, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட சயனைடு கலந்த மண் மேடுகள். மக்கள் அவற்றைச் 'சைனைடு மேடு' என்கின்றனர். காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து படியும். அவற்றில் 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. சுமார் ஆயிரம் ஏக்கர் பரப்பு. மேடுகளைக் கிளறுவதற்கு முன் மண்ணில் எவ்வளவு தங்கம் உள்ளது என்பதைப் பலமுறை ஆராய வேண்டியிருக்கும். தூசி எங்கே போகும், யார் நெஞ்சில் படியும் என்பதையும் ஆராய வேண்டியிருக்கும். மேடுகளுக்கு அருகிலேயே லைன் வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள்.